காப்பகத்தில் முதல் சந்திப்பு

வெளிநாட்டில் குடியேறிய தமிழ்த் தம்பதியர் இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கும்போது, அதுவரை காகிதங்களிலும் ஒளிப்படங்களிலும் மட்டுமே கண்டிருந்த அக்குழந்தையை நேரில் பார்க்கும் நாள், பெற்றோருக்கு நீண்ட காத்திருப்பின் முடிவாகவும், குழந்தைக்கு அது அறிந்திருந்த ஒரே உலகத்தின் முடிவாகவும் அமைகிறது. இவ்விரண்டும் ஒரே அறையில் ஒரே வேளையில் நிகழ்கின்றன என்பதை முன்கூட்டியே மனத்தில் இருத்திக்கொள்ளாத பெற்றோர், தம் மகிழ்ச்சிக்குக் குழந்தை அழுகையால் விடை சொல்லும்போது நிலைகுலைந்து போகின்றனர். சந்திப்பின் நேரம், இடம், வேகம், உடனிருப்போர் ஆகிய அனைத்தும் குழந்தையின் அச்சத்தை முன்னிட்டே தீர்மானிக்கப்பட வேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் அடிப்படை நிலைப்பாடு. பெற்றோரின் மகிழ்ச்சிக்கு வாழ்நாள் முழுவதும் இடமுண்டு.

தத்துக்குரிய குழந்தைகளின் பதிவும் பெற்றோரின் பதிவும் ‘கேரிங்ஸ்’ என்னும் ஒரே இணையப் பதிவேட்டில் நாடு முழுமைக்குமாக நடைபெறுவதால், சிங்கப்பூரிலோ நியூஜெர்சியிலோ வாழும் ஒரு மதுரைக் குடும்பத்துக்கு அமையும் குழந்தை தமிழ்நாட்டில்தான் இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. அது மகாராஷ்டிரத்திலோ ஒடிசாவிலோ உள்ள ஒரு சிறப்புத் தத்து நிறுவனத்தில், அதாவது தத்துக்குரிய குழந்தைகளை வளர்த்துப் பராமரிக்க அரசின் அங்கீகாரம் பெற்ற காப்பகத்தில், மராத்தியோ ஒடியாவோ கேட்டு வளர்ந்துகொண்டிருக்கலாம். இந்தப் பதிவேட்டை நடத்துவது 1990-இல் நிறுவப்பட்டு, பின்னர் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தால் சட்டபூர்வத் தகுதி பெற்ற மத்திய தத்தெடுப்பு ஆணையம். பெற்றோரும் சமூகப் பணியாளரும் அதனைக் ‘காரா’ என்றே வழங்குவர்.

பெற்றோர் நேரில் வந்தே குழந்தையை அழைத்துச் செல்ல வேண்டும் என்று இன்று விதி இருப்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்து அனுப்புவதில் நடந்துவந்த முறைகேடுகளைச் சுட்டி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே ஒரு பொதுநல வழக்காக ஏற்கப்பட்டு, 1984-இல் நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பின் வழியே நாடு கடந்த தத்துக்கான முதல் நெறிமுறைகளைத் தந்தது. நெடும்பயணத்தில் குழந்தைகளின் உயிருக்கே நேரக்கூடிய ஆபத்து அக்கடிதத்தின் கவலைகளுள் ஒன்று. 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, அதாவது நாடு கடந்த தத்தில் குழந்தையின் நலனையே முதன்மையாகக் கொள்ளுமாறு நாடுகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம், இந்தியாவால் 2003-இல் ஏற்கப்பட்டது. ஆகவே காப்பகத்துக்கு நேரில் வருவதை ஒரு சடங்காகக் கருதாமல், குழந்தையின் பாதுகாப்புக்காகப் போராடிப் பெற்ற ஓர் ஏற்பாடாகப் பெற்றோர் மதிக்க வேண்டும்.

குழந்தை முன்னரே இழந்தவை

குழந்தைகள் நலக் குழு ஒரு குழந்தையைச் சட்டப்படி தத்துக்குரியது என்று அறிவித்த பின்னரே அதன் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது. கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்கு உட்பட்டதாயின் இரண்டு மாதங்களுக்குள்ளும், அதற்கு மேற்பட்டதாயின் நான்கு மாதங்களுக்குள்ளும் இவ்வறிவிப்பு நிகழ வேண்டும். பெற்றவரே குழுவின் முன் ஒப்படைத்த குழந்தையாயின், முடிவை மறுபரிசீலனை செய்ய அவருக்கு இரண்டு மாத அவகாசம் அளிக்கப்படுகிறது. இந்தக் காலக்கணக்குகளைப் பெற்றோர் தாமதமாக மட்டுமே எண்ணுவது இயல்பு. ஆனால் குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால், அது பெற்றவளைப் பிரிந்தது முதல் பிரிவு, மருத்துவமனையிலிருந்தோ வேறோர் இல்லத்திலிருந்தோ மாறி வந்திருந்தால் அது இரண்டாவது, காப்பகத்தில் தன்னைத் தூக்கி வளர்த்த ஆயாவைப் பிரியப்போவது அடுத்தது. மூன்றாம் முறையாகப் பிரியும் ஒரு குழந்தையிடம் முதல் நாளிலேயே சிரிப்பை எதிர்பார்ப்பது நியாயமன்று.

குழந்தை தன்னைக் காக்கும் ஒருவரிடம் பாதுகாப்புத் தேடி ஒட்டிக்கொள்ளும் பிணைப்பை உளவியலார் பற்றுறவு என்பர். இக்கோட்பாட்டை வகுத்தவர் ஜான் பௌல்பி. அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனித்து விடப்பட்ட ஓர் இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்து 1952-இல் வெளியிட்டார். பிரிவுக்கு ஆளான சிறு குழந்தைகள் முதலில் அழுது எதிர்ப்பதையும், பின்னர் நம்பிக்கையிழந்து சோர்வதையும், இறுதியில் எவரிடமும் ஒட்டாமல் விலகிவிடுவதையும் அவ்விருவரின் பணி உலகறியச் செய்தது. பெற்றோருக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் எளியது, ஆனால் ஏற்பதற்குக் கடினமானது: உரக்க அழும் குழந்தை யாரோ ஒருவரை நேசிக்கக் கற்றிருக்கிறது, அந்தத் திறன் காலப்போக்கில் புதிய பெற்றோரிடமும் திரும்பும். அழாமல், கண் கொட்டாமல், பொம்மைபோல் மடியில் அமர்ந்திருக்கும் குழந்தையை ‘என்ன சாதுவான பிள்ளை’ என்று பாராட்டுவதற்கு முன், அது அச்சத்தில் உறைந்திருக்கலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எவர் கை நீட்டினாலும் தாவிச் செல்லும் குழந்தையும் அவ்வாறே. அதனை உடனடி அன்பென்று எடுத்துக்கொள்வது தவறு.

வயதுக்கேற்ப இந்நிலை மாறுபடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை முகங்களைவிட மணத்தையும் குரலையும் தூக்கும் விதத்தையும் இழந்ததாக உணர்கிறது. ஏறத்தாழ எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை அந்நியர் அச்சம் உச்சத்தில் இருக்கும். நாடு கடந்த தத்தில் உரிய அனுமதிகள் முடிவதற்குள் பெரும்பாலான குழந்தைகள் இந்த வயதை எட்டியோ கடந்தோ விடுவதால், இவ்வத்தியாயம் அந்த வயதினரையே முதன்மையாகக் கருத்தில் கொள்கிறது.

புறப்படுமுன்

குழந்தை ஆய்வு அறிக்கையும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையும் வந்தவுடன், அவற்றைத் தாம் நம்பும் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டிக் கருத்துப் பெறும் உரிமை பெற்றோருக்கு உண்டு; அதனைப் பயன்படுத்தாமல் விடுவது தவறு. காப்பகங்களில் வளரும் குழந்தைகள் மூன்று மாதங்களுக்கு ஏறத்தாழ ஒரு மாத உயர வளர்ச்சியை இழக்கின்றனர் என்பது இத்துறை மருத்துவரிடையே வழங்கும் தோராயக் கணக்கு. எனவே எடையும் உயரமும் குறைந்திருப்பது மட்டுமே நோயின் அறிகுறியாகாது, தலைச்சுற்றளவின் போக்கே கூர்ந்து பார்க்கத்தக்கது. பதினெட்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் குருதியில் எச்.ஐ.வி. எதிர்ப்புரதம் காணப்பட்டால் அது பெற்ற தாயிடமிருந்து வந்ததாகவும் இருக்கக்கூடும் என்பதால், வைரஸையே நேரடியாகத் தேடும் பிசிஆர் சோதனை நடந்துள்ளதா என்று கேட்க வேண்டும். ஒடிசா, மகாராஷ்டிரம், சத்தீஸ்கர் ஆகிய மாநிலங்களில் பிறந்த குழந்தைக்கு அரிவாள்செல் சோகைக்கான சோதனை பற்றியும் விசாரிப்பது நன்று.

மருத்துவத்தைவிடப் பெற்றோர் பெரும்பாலும் மறந்துவிடுவது ஆயாவின் அறிவை. குழந்தை எந்த நேரத்தில் உண்கிறது, எந்தப் பால்மாவு, எத்தனை கரண்டிக்கு எவ்வளவு நீர், சர்க்கரை சேர்க்கிறார்களா, புட்டியிலா பாலாடையிலா கிண்ணத்திலா, மடியில் வைத்தா படுக்க வைத்தா, தூங்கவைக்கத் தட்டுகிறார்களா தொட்டிலாட்டுகிறார்களா, எந்தப் பாட்டு, எந்தச் செல்லப்பெயர் ஆகிய கேள்விகளை எழுத்தில் தயாரித்து, காப்பகத்தின் சமூகப் பணியாளர் வழியாக ஆயாவிடமே கேட்டு விடைபெற்றுத் தருமாறு வேண்ட வேண்டும். அலுவலகத்தில் இருப்போர் நல்லெண்ணத்தோடு தரும் பொதுவான விடைகள் போதா. புட்டியின் காம்புத் துளையைக்கூடக் கேட்கலாம், ஏனெனில் பல குழந்தைகளுக்கு விரைவாகப் புகட்ட வேண்டிய இடங்களில் துளையைப் பெரிதாக்கி வைத்திருப்பதுண்டு. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த விலையுயர்ந்த புட்டியில் பால் சொட்டுச் சொட்டாக வரும்போது குழந்தை ஆத்திரப்படுவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

காப்பகம் இசைந்தால், சந்திப்புக்குச் சில வாரங்களுக்கு முன்பே பெற்றோரின் முகங்கள் பெரிதாகத் தெரியும் ஒரு சிறு ஒளிப்படத் தொகுப்பையும், தாய் சில நாள் உடுத்திய, துவைக்காத ஒரு பருத்தித் துணியையும் அனுப்பிவைக்கலாம். மொழியிலும் சிறிது முயற்சி வேண்டும். மகாராஷ்டிரத்துக் காப்பகக் குழந்தைக்குத் தமிழின் ஓசையே புதியது. ‘யே’ என்றால் வா, ‘தூத்’ என்றால் பால், ‘பாணி’ என்றால் தண்ணீர் என்னும் அளவிலேனும் பத்துப் பதினைந்து சொற்களைக் கற்று, குழந்தையின் பழைய பெயரைச் சரியான உச்சரிப்பில் அழைக்கப் பழகிச் சென்றால், அந்நியமான முகத்திலிருந்து வரும் பழக்கமான ஓசை குழந்தையைச் சற்றேனும் நிலைப்படுத்தும். புதிய பெயர் சூட்ட விரும்புவோரும் முதல் மாதங்களில் பழைய பெயரை அதனுடன் சேர்த்தே வழங்குவது நல்லது.

அந்த அறையில்

முதல் சந்திப்பு ஒரே நாளில் தொடங்கி அன்றே முடிவதைவிட மூன்று அல்லது நான்கு நாள்களில் படிப்படியாக நிகழ்வது மிகச் சிறந்தது. இதனைக் காப்பகத்துக்கு முன்னரே கடிதம் எழுதிக் கேட்டுப் பெற வேண்டும். விமானத்திலிருந்து இறங்கிய அன்றே, தூக்கம் கெட்டுக் களைத்த நிலையில் குழந்தையைக் காணச் செல்வதை எவ்வாறேனும் தவிர்க்க வேண்டும். நறுமணத் தைலங்களை அன்று பூசிக்கொள்ளலாகாது. மகாராஷ்டிரத்துக் காப்பகங்களில் ஆயாக்களை ‘மாவ்ஷி’ என்று, அதாவது தாயின் உடன்பிறந்தாளுக்குரிய உறவுமுறையில் அழைப்பர். பெரும்பாலும் சேலையோ சல்வாரோ அணிந்த இப்பெண்களின் நடுவே மட்டும் வளர்ந்த குழந்தைக்கு ஆண்குரலும் தாடியும் மூக்குக்கண்ணாடியும் அச்சமூட்டலாம் என்பதால், தந்தை சற்றுப் பின்னே அமர்ந்து, பேசுவதைக் குறைத்து, குழந்தை தானே அவரைக் கவனிக்கும் வரை பொறுப்பது நல்லது.

அறைக்குள் நுழைந்ததும் தரையில் அமர வேண்டும். குழந்தையின் கண்ணை நேராக உற்று நோக்குவதோ, கை நீட்டி வாங்குவதோ வேண்டாம். ஆயாவின் மடியில் குழந்தை இருக்க, தாய் ஆயாவோடு பேசிக்கொண்டிருப்பதும், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வதும், இந்தப் புதியவர் ஆபத்தானவர் அல்லர் என்று குழந்தைக்குப் புரியும் வழியில் தெரிவிக்கின்றன. இந்நேரத்தில் ஓசை எழுப்பாத ஒரு சிறு கிண்ணமோ பந்தோ இடையில் வைக்கப்பட்டால், முதல் பரிமாற்றம் அந்தப் பொருளின் வழியாக நிகழும். அடுத்ததாக ஆயா உணவூட்டுவதைத் தாய் அருகிலிருந்து பார்க்கலாம்; அடுத்த வேளை ஆயா அருகிலிருக்கத் தாய் ஊட்டலாம்; அதன் பிறகு குளியலும் உறக்கமும். ஊட்டுதல், குளிப்பாட்டுதல், உறங்கவைத்தல் ஆகிய மூன்றும் கைமாறிய பின்பே குழந்தையை வெளியே அழைத்துச் செல்வது முறையாகும்.

ஆயா சொல்லாமல் நழுவிவிட்டால் குழந்தை அழாது என்ற நம்பிக்கை எங்கும் உண்டு. அதற்கு இணங்கலாகாது. அவர் குழந்தையைத் தூக்கி, முத்தமிட்டு, விடைபெற்று, தம் கையாலேயே தாயின் கையில் கொடுக்க வேண்டும். அப்போது எழும் அழுகை வெளிப்படையான துயரத்தின் அழுகை, அதனைத் தாய் அணைத்துத் தாங்க முடியும். கண் மறைந்த வேளையில் ஆள் மறைந்துவிடும் என்று கற்றுக்கொண்ட குழந்தையோ புதிய தாய் குளியலறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அதே அச்சத்துக்கு ஆளாகும். ஆயாவும் அன்று அழுவார். அவருக்கு அது தம் வேலையின் ஒரு பகுதிதானே என்று எண்ணாமல், அவருக்கு நன்றி சொல்லவும், அவரும் குழந்தையும் சேர்ந்திருக்கும் படம் எடுக்கவும் நேரம் ஒதுக்கப்பட வேண்டும். பின்னாளில் தன் தொடக்கத்தைப் பற்றிக் கேட்கப்போகும் பிள்ளைக்கு அந்தப் படத்தைவிடப் பெரிய செல்வம் பெற்றோரிடம் இருக்கப்போவதில்லை. அன்பளிப்பு தர விரும்பினால் அலுவலகத்தின் அறிவோடு சிறு பொருளாகத் தரலாம். விதிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் பணமாக எதுவும் தரலாகாது.

சில காப்பகங்களில் ஆரத்தி, மாலை, இனிப்பு, நிர்வாகிகளின் வாழ்த்துரை என வழியனுப்பு நிகழ்வு நடத்துவர். அன்பால் செய்யப்படும் அதனை மறுப்பது சரியன்று. ஆயினும் குழந்தை உண்டு உறங்கி எழுந்த வேளையில், சில நிமிடங்களில் முடியுமாறு வேண்டலாம். படமெடுப்பதை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் இருவரும் கைப்பேசியின்றி இருக்க வேண்டும். பிற குழந்தைகளின் முகங்கள் எந்தப் படத்திலும் பதிந்து வெளியாகலாகாது. பராமரிப்புக்குரிய குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது.

புறப்படும்போது குழந்தை அணிந்திருந்த உடையை உடனே கழற்றிப் புதுச்சட்டை அணிவிக்க வேண்டாம். அதனையும், அது படுத்திருந்த துணியையும் துவைக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டு முதல் இரவுகளில் அருகில் வைத்திருப்பது பயனளிக்கும். குழந்தை கண்டெடுக்கப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட சூழலைப் பற்றிச் சட்டம் அனுமதிக்கும் அளவில் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாவற்றையும் இங்கேயே கேட்டு எழுதிக்கொள்வதும் இன்றியமையாதது. ஒப்படைத்த பெற்றோரின் அடையாளம் மறைவாகவே காக்கப்படும். ஆனால் இடம், நாள், உடனிருந்த பொருள், பெயரிட்டவர் யார் என்பன போன்றவற்றை அங்கிருக்கும் மூத்த பணியாளர் ஓய்வுபெற்ற பின் எவரும் சொல்ல இயலாது.

முதல் இரவுகள்

இருபது குழந்தைகளின் மூச்சொலியும் மின்விசிறியின் இரைச்சலும் விடிய விடிய எரியும் விளக்கும் சூழ உறங்கிய குழந்தைக்கு, விடுதியின் குளிரூட்டிய, இருண்ட, அமைதியான அறை அச்சம் தரும். விளக்கொன்றை எரியவிட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, தொட்டிலைப் பெற்றோரின் கட்டிலோடு ஒட்டி வைக்க வேண்டும். அழுதாலும் எவரும் வாராத இரவுகளுக்குப் பழகிய குழந்தை விழித்துக்கொண்டும் ஓசையெழுப்பாமல் கிடக்கக்கூடும் என்பதால், முதல் வாரங்களில் பெற்றோர் அழுகைக்குக் காத்திராமல் தாமே இடையிடையே எழுந்து பார்ப்பது நல்லது. தன்னைத்தானே ஆட்டிக்கொள்வதும் தலையை மெல்ல மோதிக்கொள்வதும் காப்பகக் குழந்தைகளிடம் தம்மை ஆற்றிக்கொள்ளும் வழியாகப் பெரிதும் காணப்படுபவை. மடியில் வைத்து ஆட்டும் கைகள் கிடைத்த பின் அவை பெரும்பாலும் குறைந்துவிடும்.

குழந்தை இருவரில் ஒருவரையே பற்றிக்கொண்டு மற்றவரை அண்டவிடாமல் தள்ளலாம். தள்ளப்பட்டவர் பெரும்பாலும் தனிமையில் கலங்குவார். அவர் சமையல், காகித வேலை என்று ஒதுங்கிவிடாமல், ஒவ்வொரு நாளும் ஊட்டும் ஒரு வேளையையேனும் தம்முடையதாக்கிக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் ஏங்கிப் பெற்ற பிள்ளையின் மீது உடனடியாக அன்பு பொங்காதது கண்டு தாயோ தந்தையோ வெட்கப்படுவதும் உண்டு. இது இயல்பானது, ஆனால் வாரக்கணக்கில் உறக்கமின்மையும் வெறுமையுணர்வும் தொடர்ந்தால் அது தத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்ற அறியப்பட்ட நிலையாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்கத் தயங்கலாகாது.

தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஒரு நெருக்கடியும் இக்கட்டத்தில் எழுகிறது. சென்னையிலோ திருநெல்வேலியிலோ தாத்தாவும் பாட்டியும் பேரப்பிள்ளையைக் காணத் துடித்துக்கொண்டிருப்பர். குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் முடித்தே விமானம் ஏற வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இருக்கும். அவர்களின் ஆசை உண்மையானது, குழந்தைக்கு அது ஒரு வரவேற்பும் ஆகும். ஆயினும் ஆயாவைப் பிரிந்த சில நாள்களில் அந்நியர் ஒருவர் இறுகப் பிடித்துக்கொள்ள மழிக்கப்படுவதும் காது குத்தப்படுவதும் குழந்தைக்கு என்ன உணர்த்தும் என்பதை மூத்தோரிடம் பக்குவமாக எடுத்துரைத்து, அச்சடங்குகளை அடுத்த வருகைக்கு ஒத்திவைக்கக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தப் பயணத்தில் தாத்தாவும் பாட்டியும் மட்டும் வந்து காணலாம். அவர்களும் குழந்தையோடு விளையாடலாம், ஊட்டுவதும் ஆறுதல் தருவதும் மட்டும் பெற்றோரின் கையிலேயே இருக்கட்டும். நிறத்தையும் சாடையையும் பற்றிய பேச்சு எந்தக் கூடத்தில் எழுந்தாலும், அதனைப் பெற்றோர் முதல் முறையிலேயே தெளிவாக நிறுத்திவிட வேண்டும்.

ஆவணங்களும் பயணமும்

காராவின் தடையின்மைச் சான்றிதழ் கிடைத்தபின், தத்து ஆணைக்குக் காத்திருக்கும் காலத்தில் குழந்தையை இந்தியாவுக்குள்ளேயே பெற்றோர் தம்முடன் வைத்துக்கொள்ளும் தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு என்ற ஏற்பாடு உண்டு. விடுப்பு கிடைக்குமாயின், ஆணையும் கடவுச்சீட்டும் தயாரான பின் வந்து சில நாள்களில் அழைத்துச் செல்வதைவிட இதுவே குழந்தைக்கு நல்லது. ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் 2021-ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாற்றப்பட்டு, 2022 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. பழைய கையேடுகளை நம்பி வழக்கறிஞரைத் தேடுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். ஆணைக்குப் பின் பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவுப்படி காரா தரும் இசைவுச் சான்றிதழ், குடியேறும் நாட்டின் விசா ஆகியன தொடரும்.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைக்குச் சூப்ப ஏதேனும் தருவது காதுவலியைக் குறைக்கும். மருத்துவர் சொல்லாமல் உறக்கமூட்டும் மருந்து எதுவும் தரலாகாது. ஊர் சேர்ந்த இரு வாரங்களுக்குள் முழுமையான மருத்துவப் பரிசோதனை செய்து, குடற்புழு, சோகை, காசநோய், கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கான சோதனைகளை மீண்டும் நடத்த வேண்டும். முதல் ஆண்டில் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும் இரண்டாம் ஆண்டில் ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும் காராவுக்குச் செல்லும் முன்னேற்ற அறிக்கைகளுக்காகச் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். எல்லாம் நலம் என்று காட்டிக்கொள்ளும் விருப்பம் அப்போது பெற்றோரை ஆட்கொள்வது வழக்கம். இரவுகளில் குழந்தை உறங்காததையும், உணவை வாயிலேயே அடக்கி வைப்பதையும், தந்தையை இன்னும் ஏற்காததையும் அவரிடம் உள்ளபடியே சொன்னால்தான், உரிய ஆலோசகரிடம் அனுப்பிவைக்க அவரால் இயலும்.